ஐப்பசியில் இங்கே இலை உதிராது

என் மகள் அனுப்பிய அந்த வீடியோ அரை நிமிஷம்கூட ஓடாது. அதனால் என் வீட்டில் நடந்த கூத்து ஐப்பசி முழுக்க ஓடியது.

கல்யாணமாகி அஞ்சு வருஷம் கழித்து, புருஷனுக்கு வேலை கிடைத்து, அவள் ஒரு குளிர்தேசத்துக்குப் போய் நாலு வருஷமாகிறது. அங்கே அப்போது இலையுதிர்காலம். தெரு நெடுக மரங்கள் மஞ்சளும் சிவப்புமாக நிற்கின்றன, காற்று வீசுகிறது, இலை கொட்டுகிறது. அவ்வளவுதான் வீடியோ. அதற்குக் கீழே எழுதியிருந்தாள்: "பாரு நைனா, மரம் எதையும் புடிச்சு வச்சிக்கறதில்ல. நேரம் வந்தா விட்டுடுது. நாமளும் விடக் கத்துக்கணும்."

அவள் நைனாவுக்கு, அதாவது என் வீட்டுக்காரருக்கு, அப்படி எழுத ஒரு காரணம் இருந்தது. மீஞ்சூரில் ஒரு கம்பெனியில் முப்பத்தோரு வருஷம் வேலை பார்த்துவிட்டு அந்தச் சித்திரையில்தான் ரிட்டையர் ஆகியிருந்தார். ஆனாலும் விடியற்காலை நாலரைக்கு எழுந்து குளித்துவிட்டு, ஷூவைத் துடைத்து வாசலில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். பொன்னேரி பஸ் போகிற சத்தம் கேட்டால் முகம் மாறிப்போகும். அந்த வேலை நினைப்பை விடச் சொல்லித்தான் மகள் எழுதினாள். இவர் புரிந்துகொண்டது வேறு.

முதலில் அந்த வீடியோவைத் தெரிந்தவர்களுக்கெல்லாம் அனுப்பினார். பழவேற்காட்டில் டீக்கடையில் உட்கார்ந்து நாலு பேருக்குப் போட்டுக் காட்டினார். அப்புறம் வீட்டுக்கு வந்து, என்னை நிற்கவைத்து, இயற்கை நமக்கு எவ்வளவு பெரிய பாடம் சொல்கிறது பார் என்றார். எனக்கு அடுப்பில் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. இங்கே ஐப்பசியில் எந்த மரத்தில் இலை உதிர்கிறது, காட்டுங்கள் என்றேன். வாசலில் இருக்கிற வாதாமரம் மாசியில்தான் சிவந்து கொட்டும். ஐப்பசியில் அது மழையில் குளித்துவிட்டுப் பச்சைப் பசேலென்று நிற்கும். பனைமரம் எதையும் விடாது, மட்டையை நாம்தான் ஏறி வெட்ட வேண்டும். சீமைக்கருவேலத்தைப் பற்றிப் பேசவே வேண்டாம். இந்த ஊரில் ஐப்பசியில் உதிர்வது கூரை ஓடும் சுவர்க் காரையும்தான். அவர் காதிலேயே வாங்கவில்லை.

மறுநாள் நான் ரேஷன் கடைக்குப் போய்விட்டு வந்து பார்த்தால் என் பழைய தையல் மெஷின் காணோம். காலால் மிதிக்கிற மெஷின். நான் மோட்டார் மெஷினுக்கு மாறிப் பல வருஷமாகிறது என்பது உண்மைதான். ஆனால் கரண்ட் போனால் அதில்தான் தைப்பேன், ஐப்பசியில் கரண்ட் இருக்கிற நேரத்தைவிட இல்லாத நேரம் அதிகம். எங்கே என்று கேட்டால், யாரோ ஒரு பெண் தையல் கற்றுக்கொள்கிறாளாம், கொடுத்துவிட்டேன் என்கிறார். சொல்லும்போது முகத்தில் கோயிலுக்குப் போய்விட்டு வந்தவர் மாதிரி ஒரு களை.

அதற்கு மறுநாள் என் அம்மா வீட்டிலிருந்து வந்த பித்தளைத் தவலை போயிற்று. அதற்கடுத்து என் இரண்டு மடக்கு நாற்காலி, துணி வைக்கிற டிரங்குப் பெட்டி. எல்லாம் போன பிறகு, நீலத் தார்ப்பாயைத் தூக்கிக் கருவாடு காயவைக்கிற ஒரு அம்மாவுக்குக் கொடுத்துவிட்டார். சமையற்கட்டின் கூரை ஷீட்டில் ஓட்டை இருக்கிறது, மழைக்காலம் முழுக்க அதைத்தான் மேலே போட்டுக் கட்டுவோம் என்பது அவருக்கு நினைவே வரவில்லை. அன்றைக்குச் சாயங்காலமே வானம் கறுத்தது. இரண்டு நாள் விடாத மழை. நான் ஒரு கையில் கரண்டியும் ஒரு கையில் குடையுமாக நின்று சமைத்தேன்.

அவர் கொடுத்ததில் ஒன்றுகூட அவருடைய பொருள் இல்லை என்பதை நான் கவனித்துக்கொண்டுதான் இருந்தேன். அவருடைய அலமாரியில் எரியாத டார்ச் லைட் நாலு இருந்தது. பாடாத ரேடியோ ஒன்று. கம்பெனியில் கொடுத்த பழைய ஷூ ஆறு ஜோடி. இதில் ஏதாவது உதிருமா என்று கேட்டேன். அதெல்லாம் உபயோகப்படும் என்றார்.

இப்படியே போய்க்கொண்டிருந்தவர், மழை விட்ட ஒரு காலையில் பரண்மேல் ஏறினார். துணியில் சுற்றி வைத்திருந்த ஒரு காகிதக் கட்டை எடுத்துக் கீழே போட்டார். தூசி பறந்தது. மகளின் கல்யாணப் பத்திரிகை, மிச்சமானவை. ஒன்பது வருஷமாக அங்கே கிடந்தவை. பழைய பேப்பர்காரனுக்குப் போட்டுவிடலாம் என்றார். நான் அதைப் பிடுங்கி மடியில் வைத்துக்கொண்டேன்.

"இத்தையும் வுடுமே. இத வச்சிகினு இன்னா பண்ணப் போற?" என்றார்.

என்ன பண்ணப் போகிறேன் என்று எனக்கும் தெரியவில்லை. ஆனால் அந்தப் பத்திரிகையைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும்.

என் வீட்டுக்காரருக்கு ஒரே தம்பி. லைட்ஹவுஸ் குப்பத்தில், அவர்கள் பிறந்த இடத்திலேயே இருக்கிறார். ஃபைபர் போட் வைத்துக் கடலுக்குப் போகிறவர். என் மகளைத் தோளில் தூக்கி வளர்த்தவர். அவள் காலேஜ் ஹாஸ்டலில் இருந்தபோது சனிக்கிழமை தவறாமல் மீன் வறுத்து எடுத்துக்கொண்டு பஸ் ஏறிப் போய்க் கொடுத்துவிட்டு வருவார். அவள் கல்யாணப் பத்திரிகையில், உறவுக்காரர்கள் பேர் வரிசையாகப் போட்ட இடத்தில், அவர் பேர் இல்லை. சித்தப்பா பேர் இல்லாமல் பத்திரிகை.

முக்கால்வாசிப் பத்திரிகையைக் கொடுத்த பிறகுதான் என் வீட்டுக்காரர் கவனித்தார். மறுபடி அடிக்க நேரமில்லை. ஒரு பத்திரிகையில் பேனாவால் தம்பியின் பேரை எழுதி எடுத்துக்கொண்டு குப்பத்துக்குப் போனார். ஆனால் அதற்குள் யாரோ ஒருவர் வீட்டில் தம்பி பத்திரிகையைப் பார்த்துவிட்டார். பேனாவில் எழுதிச் சேர்க்கிற ஆளா நான் என்று கேட்டாராம். இவர், பிரஸ்ஸில் நடந்த தப்புக்கு என்னை என்ன செய்யச் சொல்கிறாய் என்றாராம். இருவரும் கத்திக்கொண்டார்கள். முகூர்த்தத்தன்று, வீட்டில் கல்யாணம் என்றால் யாரும் வலை எடுக்க மாட்டார்கள் என்றாலும், தம்பி தனியாகப் போட்டைத் தள்ளிக்கொண்டு கடலுக்குப் போய்விட்டார். என் மகள் மணவறையில் உட்கார்ந்து வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதற்கப்புறம் ஒன்பது வருஷம். பழவேற்காடு மார்க்கெட்டில் எதிரே வந்தால் அண்ணன் செல்போனைப் பார்ப்பார், தம்பி மீனைப் பார்ப்பார். அவன் வரட்டும் என்று இவர். அவர் வரட்டும் என்று தம்பி.

அதனால் பரண் அடியில் நின்று, தூசியில் தும்மிக்கொண்டே, நான் கேட்டுவிட்டேன். என் மெஷினை விட்டீர்கள், தவலையை விட்டீர்கள், தார்ப்பாயை விட்டீர்கள், தம்பிமேல் இருக்கிற கோபத்தை எப்போது விடப் போகிறீர்கள் என்று. அவர் ஏணியிலிருந்து இறங்கி, அது வேற, இது வேற என்றார். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. நல்லது, நானும் கொஞ்சம் நிம்மதியாக இருந்தேன் என்றுதான் சொல்ல வேண்டும்.

அந்த வாரக் கடைசியில் காற்றழுத்தம் என்று ரேடியோவிலும் டிவியிலும் சொன்னார்கள். கடல் பொங்கியது. குப்பத்தில் எல்லாரும் போட்டுகளை மணலில் மேலே இழுத்தார்கள். அப்படி இழுக்கும்போது ஒரு அலை போட்டைப் பின்னாலிருந்து தூக்கி, தம்பியின் கால்மேல் ஏற்றிவிட்டது. முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிவு. பொன்னேரி ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டு வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள் என்று டீக்கடையில் கேட்டுவிட்டு வந்து இவர் கூடத்தில் உட்கார்ந்தார். ஒரு மணி நேரம் உட்கார்ந்தார். ஷூவை எடுத்துத் துடைத்தார். மறுபடி வைத்தார். போகலாமே என்றேன். மழை விடட்டும் என்றார். மழை அப்போது பெய்யவே இல்லை.

எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. புடவையை மாற்றிக்கொண்டு ஷேர் ஆட்டோ பிடித்து நானே போய்விட்டேன். பாலத்தின்மேல் போகும்போது இரண்டு பக்கமும் ஏரி நிறைந்து செம்மண் நிறத்தில் கிடந்தது. அதைப் பார்த்துக்கொண்டே, அங்கே போய் என்ன சொல்லப் போகிறோம் என்று யோசித்தேன். அண்ணன் தம்பி சண்டையைத் தீர்த்துவைக்கிற பெரிய மனுஷி மாதிரி கிளம்பிவிட்டேனே தவிர, அந்தப் பத்திரிகையில் எனக்கு இருந்த பங்கை நான் யாரிடமும் சொன்னதில்லை.

குப்பத்தில் வீட்டு வாசலில் என் ஓரகத்தி, அதாவது தம்பியின் மனைவி, மீன் கழுவிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்தாள். வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. முறத்தை நகர்த்தி வழி விட்டாள். உள்ளே கயிற்றுக்கட்டிலில் காலை நீட்டிக்கொண்டு தம்பி படுத்திருந்தார். மெலிந்துபோயிருந்தார். தலை பாதிக்கு மேல் நரைத்துவிட்டது. ஒன்பது வருஷத்தில் நான் அவரை இவ்வளவு கிட்டத்தில் பார்க்கவில்லை.

காலைப் பற்றிக் கேட்டேன், சொன்னார். மகளைப் பற்றிக் கேட்டார், சொன்னேன். குழந்தை உண்டாகியிருக்கிறாளா என்று கேட்டார், இல்லை என்றேன். அப்புறம் அவரே அந்தப் பேச்சை எடுத்தார்.

"அண்ணி, ஒண்ணே ஒண்ணு சொல்லு. என் பேர வுட்டது பிரஸ்காரனா, அண்ணனா?"

பிரஸ்காரன் என்று சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். அது பொய்யும் இல்லை. என் வீட்டுக்காரர் எழுதிக் கொடுத்த பட்டியலில் தம்பி பேர் முதலாவதாக இருந்தது. அச்சடிக்கிற இடத்தில் ஒரு வரி விட்டுப்போயிற்று. ஆனால் சரிபார்க்கச் சொல்லி அடித்த மாதிரித் தாள் ஒன்று வந்தது. அந்த மாசம் இவர் இரட்டை ஷிப்ட் பார்த்துக்கொண்டிருந்தார். தாள் என் கையில்தான் வந்தது. நான் படித்தேன். பேர் இல்லாததைப் பார்த்தேன். எல்லாம் சரியா என்று இவர் கேட்டபோது சரி என்று சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

ஏன் அப்படிச் செய்தேன் என்று சொல்ல இப்போதும் எனக்குக் கூசுகிறது. அதற்கு மூன்று வாரம் முன்னால் நிச்சயதார்த்தம் நடந்தது. மகளுக்கு நான் என் கையாலேயே பிளவுஸ் தைத்திருந்தேன். கையில் மணிவேலை, மூன்று நாள் கண் எரிய எரிய உட்கார்ந்து போட்டது. மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் சுற்றி உட்கார்ந்திருக்கும்போது என் ஓரகத்தி சிரித்துக்கொண்டே, இது எங்க அக்கா தச்சது, அதான் தோள் எறங்கிக் கெடக்குது, கடையில குடுத்திருக்கலாம் என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு எனக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. மாதிரித் தாளைப் பார்த்தபோது, இருக்கட்டும், அவள் புருஷன் பேர் ஒரு நாள் இல்லாமலே கிடக்கட்டும், அப்புறம் சொல்லிச் சேர்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். ஒரு நாள்தான் நினைத்தேன். அதற்குள் அச்சடித்துவிட்டார்கள்.

அப்புறமாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அண்ணனும் தம்பியும் கத்திக்கொண்டதும் பயம் வந்துவிட்டது. பயம் பழகியதும், இனிமேல் சொல்லி என்ன ஆகப்போகிறது என்று தோன்றிவிட்டது. வருஷங்கள் போயின.

இதையெல்லாம் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து அவரிடம் சொன்னேன். ஓரகத்தி மீன் கழுவிய கையோடு வாசற்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். ஒன்பது வருஷம் அண்ணனத் திட்டினேனே அண்ணி என்றார் தம்பி. கோபமாகச் சொல்லியிருந்தால்கூட எனக்குத் தாங்கியிருக்கும். களைத்துப்போய்ச் சொன்னார்.

ஓரகத்திதான் என்னை இன்னும் வதைத்தாள். அவளுக்குக் கோபமே வரவில்லை. நெற்றியைச் சுருக்கிக்கொண்டு யோசித்தாள்.

"நானா சொன்னேன்? எனக்கு நெனப்பே இல்லியேக்கா. நீ தச்சதத்தான இன்னிக்கும் போட்டுனு இருக்கேன்."

அப்போதுதான் பார்த்தேன். மங்கிப்போன கத்திரிப்பூ நிற பிளவுஸ். என் கைத்தையல்தான், கழுத்து மடிப்பைப் பார்த்தாலே எனக்குத் தெரியும். உடம்பு பருத்ததால் இரண்டு பக்கமும் கடைசித் தையல் வரைக்கும் பிரித்து விட்டிருந்தாள். நடிக்கவில்லை, அவளுக்கு நிஜமாகவே நினைவில்லை. நான் ஒன்பது வருஷம் நெஞ்சில் சுமந்த வார்த்தையை அவள் அன்றைக்குச் சாப்பாட்டுப் பந்தியிலேயே மறந்திருக்கிறாள். எனக்கு அவளை ஓங்கி ஒன்று வைக்க வேண்டும் போலவும் இருந்தது, அந்தப் படியிலேயே உட்கார்ந்து அழ வேண்டும் போலவும் இருந்தது. இரண்டையும் செய்யவில்லை. அவள் கொடுத்த டீயைக் குடித்துவிட்டு வந்தேன்.

வீட்டில் இவர் ஸ்டூல்மேல் நின்று சமையற்கட்டுக் கூரையில் பிளாஸ்டிக் சாக்கைக் கட்டிக்கொண்டிருந்தார். இறங்கச் சொன்னேன். நின்றுகொண்டே சொல்லு என்றார். சொன்னேன். பாதியில் இறங்கினார். முழுக்கக் கேட்டார். சட்டையைப் போட்டுக்கொண்டு, ஷூ போடாமல், செருப்பைக்கூடத் தேடாமல் வெறுங்காலோடு ரோட்டுக்குப் போய் ஆட்டோவில் ஏறினார்.

சாயங்காலம் வந்தார். கையில் தம்பி வீட்டு மீன் குழம்பு, தூக்கில். கண் சிவந்திருந்தது. எனக்கு ஒரு வாயும் வைக்காமல் தானே சாப்பிட்டார்.

அன்றிலிருந்து அண்ணனும் தம்பியும் ஒன்று. காலையில் போய்விடுவார். தம்பியைத் தாங்கிப் பிடித்து வாசலுக்கு அழைத்து வருவது, வலை எடுத்துக் கொடுப்பது, பேசுவது, பேசுவது, பேசுவது. ஒன்பது வருஷத்துப் பேச்சு பாக்கி இருக்கிறது அல்லவா. நான் போனால் இருவரும் ஒரே நேரத்தில் வாயை மூடிக்கொள்வார்கள். எத்தனையோ வருஷமாக நான் வேண்டிக்கொண்டது இதுதான். ஆனால் இருவரும் சேர்ந்து என்னை ஒதுக்குவார்கள் என்று சேர்த்து வேண்டிக்கொள்ளவில்லை.

மகளுக்கும் நானே சொன்னேன், வேறு யாராவது சொல்லித் தெரிய வேண்டாம் என்று. சித்தப்பா வராததுக்கு நான் என்னம்மா தப்பு செஞ்சேன்னு அன்னிக்கெல்லாம் யோசிச்சிட்டு இருந்தேன் என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள். பத்து நாள் எனக்குப் போன் வரவில்லை. சித்தப்பாவுக்குத் தினமும் பேசினாள் என்று அப்புறம் தெரிந்தது. பதினோராம் நாள் கூப்பிட்டு, எதுவும் நடக்காத மாதிரி, புளிக்குழம்புக்குப் புளி எவ்வளவு என்று கேட்டாள். நானும் எதுவும் நடக்காத மாதிரி சொன்னேன்.

இவர்தான் மசியவில்லை. சாப்பாடு போட்டால் சாப்பிடுவார், கேட்டால் பதில் சொல்வார், அவ்வளவுதான். ஒரு நாள் எனக்குப் பொறுக்கவில்லை. ஊருக்கெல்லாம் விடு விடு என்று சொன்னீர்களே, நான் செய்ததை எப்போது விடுவீர்கள் என்று கேட்டேன். அவர் தட்டிலிருந்து தலை நிமிரவில்லை.

"வுடறேன்மே. இத மட்டும் இன்னும் கொஞ்ச நாள் வச்சிக்கறேன்."

வச்சிக்கோங்க என்றேன். நான் வைத்துக்கொண்ட அளவுக்கு அவர் வைத்துக்கொள்ள முடியாது. அந்தத் தெம்பு அவருக்குக் கிடையாது.

மார்கழிப் பிறப்பில் தம்பிக்குக் கட்டுப் பிரிக்கப் பொன்னேரிக்குப் போக வேண்டியிருந்தது. ஒரே ஆட்டோவில் நாலு பேரும் போனோம். நானும் ஓரகத்தியும் பின் சீட்டில், நடுவில் தம்பி காலை நீட்டிக்கொண்டு. இவர் டிரைவர் பக்கத்தில் தொற்றிக்கொண்டு உட்கார்ந்து, ரோடு சரியில்லை, மெதுவாப் போ, மெதுவாப் போ என்று வழி நெடுகச் சொல்லிக்கொண்டே வந்தார். தம்பிக்கு வலிக்கக் கூடாதாம். ஒரு பெரிய பள்ளத்தில் ஆட்டோ குதித்தது, என் தலை கம்பியில் இடித்தது. அம்மா என்றேன். இவர் திரும்பினார். தம்பியைப் பார்த்தார். பிறகு என்னையும் பார்த்தார். ரொம்ப இடிச்சிருச்சா என்று கேட்டார்.

இல்லை என்றேன். வீங்கியிருந்தது.